சுந்தரபாண்டியன் கொளுத்திய வானம்

புரட்டாசி மாதத்து நடுப்பகல் ஒன்றில், கோவில்பட்டிக்குத் தெற்கே, வானத்தின் மூன்றிலொரு பங்கு உயரத்தில் ஒரு வண்ணப் பட்டை தோன்றியது. மேல்விளிம்பு சிவப்பு, அதன் கீழே மஞ்சள், பச்சை, நீலம், அடியில் ஊதா. வானவில்லைப் போல் அது வளைந்து நிற்கவில்லை. கொடியில் காயப்போட்ட பட்டுச் சேலையைப் போல் கிடையாகக் கிடந்தது. மழை பெய்யவில்லை, பெய்வதற்கான எண்ணமும் வானத்துக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மிக உயரத்தில் மட்டும், பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல் சில மேகக் கீற்றுகள் இருந்தன.

நடந்தது இவ்வளவுதான். அந்த உயரத்துக் குளிரில் மேகம் நீராக இருப்பதில்லை. பனிக்கட்டித் துகள்களாக இருக்கிறது. ஒவ்வொரு துகளும் ஆறு பக்கம் கொண்ட மிகச் சிறிய தகடு. கோடிக்கணக்கான தகடுகள் படுத்த வாக்கில் மிதந்துகொண்டிருக்க, உச்சியை ஒட்டி நிற்கும் சூரியனின் ஒளி அவற்றின் பக்கவாட்டில் நுழைந்து அடிப்புறமாக வெளியேறுகிறது. வெளியேறும்போது நிறங்கள் பிரிந்துவிடுகின்றன. இதற்கு உரிமம் வேண்டாம், கொட்டகை வேண்டாம், கூலியாட்கள் வேண்டாம். இத்தனையும் செய்துவிட்டுத் தான்தான் செய்ததாக வானம் யாரிடமும் சொல்லிக்கொள்வதும் இல்லை. சொல்லிக்கொள்ள ஆளில்லாத புகழ் மனிதர்களுக்கு மிகவும் வசதியானது.

வேறு வட்டாரமாக இருந்திருந்தால் அந்தப் பட்டையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அல்லது மழை வரும் என்று விதைப்பெட்டியைத் திறந்திருப்பார்கள். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரம் அத்தகைய மூடநம்பிக்கைகளுக்கு இடம் கொடுப்பதில்லை. தீப்பெட்டியிலும் பட்டாசிலும் பிழைக்கிற மண் அது. சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சை என்றால் பேரியம் உப்பு என்று பூக்கடைக்காரர் வரை அறிந்துவைத்திருக்கும் ஊர். ஆகவே வானத்தில் நிறம் தெரிந்ததும் எல்லாரும் அறிவியல் முறையில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எந்தக் கம்பெனிச் சரக்கு?

விடையும் உடனே கிடைத்தது. ஊருக்குத் தெற்கே, கயத்தாறு செல்லும் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில், சுந்தரபாண்டியனின் பட்டாசுத் தொழிற்சாலை இருந்தது. ஊரிலிருந்து பார்த்தால் வண்ணப் பட்டை சரியாக அதன் தலைக்கு மேல் நின்றது.

சுந்தரபாண்டியனுக்கு நெடுநாள் ஆசை ஒன்று உண்டு. இருட்டில் எல்லாரும் வண்ணம் காட்டிவிடுகிறார்கள்; பட்டப்பகலில், சூரியனுக்கு எதிரில், கண்ணுக்குத் தெரியும்படி வண்ணம் காட்டும் வெடி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பதே அது. இந்த ஆசையை அவர் ரகசியமாக வைத்திருந்தார்; அதாவது, சந்தித்தவர்கள் எல்லாரிடமும் ரகசியம் என்று சொல்லியே சொல்லியிருந்தார். முறைப்படி அனுமதி பெற்றுச் சோதனையும் செய்துவந்தார். ஒவ்வொரு முறையும் வெடி மேலே போகும். பருப்புக் கழுவிய தண்ணீரின் நிறத்தில் கொஞ்சம் புகை வரும். அவர் ஏதோ புரிந்துகொண்டவர் போல் தலையசைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார்.

அன்றைய நண்பகலில் அவர் அறைக்குள்தான் இருந்தார். மனைவி சொர்ணத்தாய் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார். போர்மேன் வெயிலுமுத்து வெளி மேடையில், வெடிக்குள் வைக்கும் கலர் மருந்து உருண்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரும் அந்தப் பட்டையைப் பார்த்தார். ஆனால் அவருக்கு அது இன்னும் தெற்கே, கயத்தாற்றுக்கு மேலே தெரிந்தது. கயத்தாற்றுக்காரர்கள் ஏதோ செய்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

கைப்பேசி அடித்தது. கோவில்பட்டிப் பஜாரில் பட்டாசுக்கடை வைத்திருக்கும் கிபாயத்துல்லா பேசினார். சுந்தரபாண்டியனின் சரக்கை ஆண்டாண்டாக விற்றுக்கொடுப்பவர், நல்ல நண்பர்.

"அண்ணாச்சி! சாதிச்சிட்டீங்களே!"

"என்ன பாய், எதைச் சொல்லுதீங்க?" கன்னத்தில் தலையணைத் துண்டின் வரிகளோடு சுந்தரபாண்டியன் எழுந்து உட்கார்ந்தார்.

"எதையா? என்கிட்டயே மறைக்குதீங்க பாத்தீங்களா! பஜாரே தெக்க பாத்துக்கிட்டு நிக்குது. உங்க கம்பெனிக்கு நேர் மேல. செவப்பு, மஞ்ச, பச்ச, நீலம்... பட்டப்பகல்ல! நான் அப்பவே சொன்னேன், எங்க அண்ணாச்சி ஒருநா செய்வாவன்னு."

சுந்தரபாண்டியன் வெளியே ஓடிவந்தார். அதற்குள் மேகம் நகர்ந்துவிட்டிருந்தது. மேலே வெறும் வெயில். அவர் வானத்தைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் பின்னால் நடந்த அத்தனைக்கும் வித்து.

"எல்லாரும் பாத்தாவளா பாய்?"

"பாக்காம? பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸையே எடுக்கலங்கேன்!"

ஒரு நேர்மையான மனிதன் பொய் சொல்வதற்கு முன் சற்றுத் தயங்குவான். சுந்தரபாண்டியன் நேர்மையானவர், தயங்கினார். தயங்கிய பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு அடக்கமாகச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் சரி பண்ண வேண்டியிருக்கு பாய். நீலம் அவ்வளவா எடுபடல."

வானம் செய்ததில் குறை கண்டுபிடித்துவிட்டால் அது நம்முடையதாகிவிடுகிறது.

மாலைக்குள் வாழ்த்துகள் குவிந்தன. பட்டையின் படம் கைப்பேசி கைப்பேசியாகப் பயணம் செய்து புதியம்புத்தூர்த் தையல்கூடங்கள் வரை போய்ச் சேர்ந்தது. போன வழியிலெல்லாம் சுந்தரபாண்டியனின் பெயர் அதன்மேல் எழுதப்பட்டது. வீட்டுக்கு வந்த கணவரைச் சொர்ணத்தாய் வாசலிலேயே நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தார்.

"மத்தியானம் சோறு கொண்டு வந்தது நான்தான?"

"ஆமா."

"நான் தூக்குச்சட்டியக் கழுவி முடிக்கதுக்குள்ள குறட்டை கேட்டுதா இல்லையா?"

"அதுக்கு இப்ப என்னங்குத?"

"ஒண்ணுமில்ல. முழிச்சிருந்து வெடிச்சப்ப எல்லாம் புகைதான் வந்துது. தூங்கும்போது இம்புட்டு நல்லா வருதுன்னா, இனிமே எந்திரிக்கவே வேண்டாம், படுத்தே கெடங்க."

மனைவியின் சாட்சியம் எந்தக் காலத்திலும் ஒரு மேதையின் புகழுக்குக் குறுக்கே நின்றதில்லை. மறுநாள் உள்ளூர்ச் செய்திச் சேனல்காரர் ஒலிவாங்கியோடு வந்தார். சுந்தரபாண்டியன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொழிற்சாலையின் பெயர்ப்பலகை தெரியும்படி நின்றுகொண்டார்.

"செவப்பை யாரு வேணாலும் கொண்டு வந்திரலாம். பச்சைதான் செரமம். பகல்ல பச்சை நிக்காது. அந்தப் பச்சைக்காகத்தான் நான் தவங் கெடந்தேன்" என்றார். கண்கலங்கவும் செய்தார். அந்தக் கண்ணீர் உண்மையானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொன்ன பொய்யை முதலில் நம்பியவர் அவரே.

இவரைப் போல ஒரு கழுதை இருந்தது. நூற்பாலை ஒன்றின் வாசலில் அது நிற்பது வழக்கம். மாலையில் ஆலைச் சங்கு ஊதும். சங்கின் ஒலி கேட்டுக் கழுதையும் கத்தும். வாயில் திறந்து தொழிலாளர் கூட்டம் வெளியே வரும். நாளடைவில் கழுதைக்கு ஒரு தெளிவு பிறந்தது: நாம் கத்துகிறோம், கதவு திறக்கிறது. மற்றக் கழுதைகள் அதை ஆலை முதலாளியாகவே மதித்தன. ஒருநாள் கதவின் பூட்டுப் பழுதாகி, உள்ளே ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள். கழுதைகள் எல்லாம் கூடிவந்து, "தினமும் திறப்பது நீதானே, இப்போது திற" என்றன. பாவம், அது இரவெல்லாம் கத்தியது. புகழில் ஒரு சங்கடம் உண்டு. அதோடு பொறுப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

சுந்தரபாண்டியனிடம் பொறுப்பு ஒரு ஜீப்பில் வந்தது. வெடிபொருள் தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் அதிகாரி சுகுணா இறங்கினார். குரலை உயர்த்தாதவர், அதனாலேயே தொழிற்சாலைக்காரர்கள் அவரிடம் அதிகம் பயந்தார்கள்.

"உங்க பேட்டி பாத்தேன் சார். நல்லா பேசுறீங்க. அந்தப் பச்சை நிறம் எப்படி வந்தது?"

சுந்தரபாண்டியன் சேனலுக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். "தொழில் ரகசியம் மேடம்."

"பச்சைக்குப் பேரியம் வேணும். பேரியத்துக்குத் தடை இருக்கு. ஊர் அகலத்துக்குப் பச்சை காட்டணும்னா, உங்க உரிமத்துல சொன்ன அளவைப் போல பல மடங்கு வெடிமருந்து வேணும். சோதனைக்கு அன்னைக்கு அனுமதியும் வாங்கல. இதுல எந்த ரகசியத்தை முதல்ல சொல்றீங்க?"

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. "மேடம், அது... நாங்க வெடிக்கல மேடம்."

"பின்னே?"

"வானத்துல தானா வந்துது."

"அப்படியா? பேட்டியில வானத்தைப் பத்தி நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே."

கிடங்கும் மருந்தறையும் சோதிக்கப்பட்டன. தடைசெய்யப்பட்டது எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் மருந்தறைக்கு முத்திரை வைக்கப்பட்டது. விசாரணை முடியும் வரை வேலை நடக்கக் கூடாது. பதில் திருப்தியாக இல்லையென்றால் உரிமம் ரத்து. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டாசுத் தொழிலில் அதற்கு முந்தைய நாட்களை இழப்பது, ஆண்டையே இழப்பதற்குச் சமம். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கைகளைக் கழுவிக்கொண்டு, தூக்குச்சட்டிகளோடு மண்பாதையில் வரிசையாக வீடு திரும்பினார்கள். போகிறபோதும் அவர்கள் முதலாளியைப் பெருமையோடுதான் பார்த்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கமுடியவில்லை.

ஜீப்பில் ஏறப்போன அதிகாரியிடம் அவர் ஓடினார். "மேடம், சத்தியமா நான் செய்யல. அந்நேரம் தூங்கிக்கிட்டிருந்தேன்."

"தெரியும் சார். நானும் பாத்தேன். கயத்தாறுல டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தேன். எனக்கு அது திருநெல்வேலிக்கு மேல தெரிஞ்சுது. திருநெல்வேலியில இருந்தவங்களுக்கு இன்னும் தெக்க தெரிஞ்சிருக்கும். அவங்கவங்க நிக்கிற இடத்துக்கு ஏத்த மாதிரி தெரியும். எல்லாம் பனிக்கட்டி."

"தெரிஞ்சுக்கிட்டேவா சீல் வச்சீங்க?"

"நான் என்ன செய்ய? வானம் என்கிட்ட வாக்குமூலம் குடுக்கல. நீங்க குடுத்திருக்கீங்க, அதுவும் ஊரே பாக்கும்படி. அதைப் பாக்காத மாதிரி நான் இருக்க முடியாது. எப்படி ஒத்துக்கிட்டீங்களோ, அதே மாதிரி எல்லார் முன்னாலயும் இல்லைன்னு சொல்லுங்க. அப்புறம் என் வேலை சுலபம்."

"ஆபீசுக்கு வந்து ஒங்ககிட்ட மட்டும் சொன்னா?"

"பேட்டியை என்கிட்ட மட்டுமா குடுத்தீங்க?"

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

எல்லார் முன்னாலும் சொல்வதற்கு மேடை தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. வணிகர்கள் சேர்ந்து அவருக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்திருந்தார்கள். 'பகல் வானவில் வேந்தர்' என்று பட்டம்கூடத் தயாராகிவிட்டது. அழைப்பிதழில் அவருடைய படத்துக்குப் பின்னால் அந்த வண்ணப் பட்டையை அச்சடித்து, நீலம் போதாது என்று அவரே சொன்னதை மனத்தில் கொண்டு, அச்சகத்தார் நீலத்தைச் சற்றுக் கூட்டியும் வைத்திருந்தார்கள்.

சுந்தரபாண்டியன் முதலில் கிபாயத்துல்லாவைப் பிடித்துப் பார்த்தார். "பாய், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆள் தூங்கிக்கிட்டிருந்தாவன்னு."

"நான் எப்பிடி அண்ணாச்சி சொல்ல? கடைக்கு வாறவன் போறவன்கிட்ட எல்லாம் பச்சை போட்டது எங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டேனே. இப்ப மாத்திச் சொன்னா, என் சரக்குல எதைத்தான் நம்புவான்?"

பிறகு அவர் நடுவழி ஒன்று யோசித்தார். முழுவதும் தான் செய்ததில்லை, வானமும் ஓரளவு ஒத்துழைத்தது என்று சொன்னால் என்ன? விழா நாளன்று காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே இதைச் சொர்ணத்தாயிடம் சொல்லிப் பார்த்தார்.

"எந்தக் கலர் ஒங்களுது, எந்தக் கலர் வானத்துது?" என்று கேட்டார் சொர்ணத்தாய்.

அவர் அடுத்த பொத்தானை மும்முரமாக மாட்டத் தொடங்கினார்.

"இந்தா பாருங்க. இந்தப் பட்டம் இல்லாட்டா ஒங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சிறாது. அந்தப் பொம்பளப் பிள்ளைக எல்லாம் வீட்டுல ஒக்காந்திருக்கு. நேத்து ரேசன் கடையில பாத்தேன். 'மொதலாளியம்மா, எப்பத் தொறப்பீங்க'ன்னு கேக்குதுக. நான் என்ன சொல்ல? எங்க வீட்டுக்காரருக்கு மேகத்தோட பங்கு பிரிச்சு முடியலன்னா?"

அவர் பொத்தானைத் தவறான துளையில் மாட்டியிருந்தார். சொர்ணத்தாய் அதைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டார். "பயப்படாதீங்க. சொல்லிட்டு வந்திருங்க. நான் முன் வரிசையிலதான் இருப்பேன்."

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையின் ஓரத்தில் அதிகாரி சுகுணாவும் அமர்ந்திருந்தார். சால்வைகள் போர்த்தப்பட்டன. ஒவ்வொரு சால்வையும் சுந்தரபாண்டியனின் தோளில் ஈயக்கட்டி போல் விழுந்தது. பட்டத்தை வாசித்து முடித்தார்கள். ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தது.

"அது நான் செய்யல" என்றார்.

ஒரு மனிதன் தன் புகழைத் தானே அறுத்துக்கொள்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்நேரம் நான் தூங்கிக்கிட்டிருந்தேன். நான் பாக்கக்கூட இல்ல. மேல மேகத்துல இருக்க பனிக்கட்டியில வெயிலு பட்டு வந்த கலரு அது. நான் சொன்னது பொய். என்னை மன்னிச்சிருங்க."

முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு இருவர். பிறகு மண்டபமே அதிர்ந்தது. விழாத் தலைவர் பூவனலிங்கம் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா! இம்புட்டுப் பெரிய காரியத்தைச் செஞ்சிட்டு, தூங்கிக்கிட்டிருந்தேங்காவ! இந்த அடக்கம் எவனுக்கு வரும்?"

"இல்ல, நெசமாவே..."

"போதும் அண்ணாச்சி, போதும்! எங்களால தாங்க முடியல!"

கிபாயத்துல்லா கைக்குட்டையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் காதில், "அந்தம்மா ஒக்காந்திருக்காவல்லா, அதான் இப்பிடிப் பேசுதாவ. வெவரமான ஆளுவே" என்றார். சுந்தரபாண்டியன் குலதெய்வத்தின் மீது ஆணையிட்டார், கைதட்டல் கூடியது. சொந்தக் குறட்டைக்குச் சாட்சியாக மனைவியைக் கை காட்டினார். சொர்ணத்தாய் எழுந்து நின்று, "ஆமா, தூங்கத்தான் செஞ்சாவ" என்றார். தியாகத்தில் கணவருக்கு இணையான மனைவி என்று அவருக்கும் ஒரு சால்வை போர்த்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வரை சுந்தரபாண்டியன் சொன்ன பொய்க்குக் கிடைத்த மரியாதை ஒரு மடங்கு என்றால், இப்போது உண்மைக்குக் கிடைத்தது பத்து மடங்கு. ஆனால் இரண்டும் ஒரே கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டன.

மேடையை விட்டு இறங்கியவர் சோர்ந்துபோய் அதிகாரியின் முன் நின்றார். "சொல்லிட்டேன் மேடம். ஒருத்தரும் நம்பல."

"நான் கேட்டேன் சார். பதிவும் பண்ணிக்கிட்டேன். எனக்கு அது போதும்." சுகுணாவின் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்புப் போன்ற ஏதோ ஒன்று வந்தது. "நீங்க உண்மையைச் சொல்லணும்னுதான் சட்டத்துல இருக்கு. மத்தவங்க நம்பணும்னு இல்ல. நாளைக்குக் காலையில முத்திரையை எடுத்திருவாங்க. வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்க."

மறுநாள் காலை முத்திரை அகற்றப்பட்டது. மண்பாதையில் பெண்கள் பேச்சும் சிரிப்புமாக வந்துகொண்டிருந்தார்கள். சுந்தரபாண்டியன் மருந்தறை வாசலில் நின்று, நீண்ட நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். வெயிலுமுத்து மெதுவாக அருகில் வந்தார், இருபுறமும் பார்த்துக்கொண்டார்.

"மொதலாளி, ஊருக்குச் சொன்னது இருக்கட்டும். எனக்கு மட்டும் சொல்லுங்க. என்னத்தப் போட்டீங்க?"

"ஏலே வெயிலுமுத்து, அன்னைக்கு நீ எங்கன இருந்த?"

"இங்கனதான். மேடையில உருண்டை காயப் போட்டுக்கிட்டிருந்தேன்."

"நான் வெடிச்சதப் பாத்தியா?"

"இல்ல."

"சத்தமாவது கேட்டுதா?"

"கேக்கல. அதுதான மொதலாளி உங்க தெறமை!"

சுந்தரபாண்டியனுக்குக் கோபப்படலாம் என்று தோன்றியது; ஆனால் அதற்கான தெம்பு நேற்றைய மேடையிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. "பனிக்கட்டி" என்றார் களைப்போடு. "வெறும் ஐஸ்லே. வேற ஒண்ணுமே கெடையாது."

வெயிலுமுத்துவின் நெற்றி சுருங்கியது. இதுவரை இந்தச் சொல்லைக் கேட்டவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். இவர் ஒருவர்தான் அதை யோசித்துப் பார்த்தார்.

"ஐஸா? மருந்துல ஈரம் பட்டா நமுத்துப் போகுமே மொதலாளி. அலுமினியப் பொடி கலந்ததுன்னா ஈரத்துலயே சூடேறித் தீப்பிடிச்சாலும் பிடிச்சிரும்."

"ஆமாலே" என்றார் சுந்தரபாண்டியன். வெகுநாள் சுமந்த மூட்டை ஒன்றை இறக்கிவைப்பவரைப் போல் இருந்தது அவர் குரல். "அதனாலதான் இனிமே அதைச் செய்யப் போறதில்ல. யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லிரு."

"அதுதான் நல்லது. தொழில்னா ஆள் பத்திரம்தான் முக்கியம்" என்று வெயிலுமுத்து முழு மனத்தோடு ஒப்புக்கொண்டார். பிறகு பெண்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? உள்ள வாங்கம்மா, தீபாவளி கிட்ட வந்திட்டு" என்று குரல் கொடுத்தபடி கொட்டகைக்குள் போனார்.